கல்லூரிக்கு முன்னால் எட்டுத் தாள்

கோபியிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பொண்ணு பத்தாவது முடித்துவிட்டு, குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரையத்தான் போவேன் என்று நிற்கிறாள்; சொந்தபந்தம் எல்லாம் இன்ஜினியரிங் என்கிறது. சண்டையை ஒரு மாசம் தள்ளி வையுங்க. இந்த லீவில் ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம்.

ஏ4 தாள் எட்டை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்கம் ஆச்சு. பல படப் புத்தகங்களின் அளவு இதுதான். அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம். ரெண்டு ஃபாரம் ஓட்டினால் ஒரு புத்தகம். தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு 14 இரட்டைப் பக்கம் தேறும். பாட்டி சொன்ன கதை ஒன்றை எடுத்து, அத்தனையிலும் ஒரே குழந்தையை வரையச் சொல்லுங்க: முதுகு காட்டி, ஓடுகிறபோது, தூங்குகிறபோது, மரத்து மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று. அஞ்சாம் பக்கத்தில் மூக்கு மாறும், பத்தாம் பக்கத்தில் குழந்தைக்கு ரெண்டு வயசு கூடிவிடும். பள்ளியில் பரிசு வாங்கிய கைகள் பலவும் தடுமாறுகிற இடம் இது. ஒற்றைப் படம் அழகாக வருவதை வைத்து நானாக இருந்தால் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

அடுத்தது கண். காங்கேயம் பசுவுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கைக்கன்றை வரைந்தால் நம்ம ஊர்க் குழந்தை சிரித்துவிடும். கன்று செவலையாகப் பிறந்து, சுமார் ஆறு மாசத்தில்தான் சாம்பலுக்கு மாறும். கூகுளில் தேடி வரைகிறவரிடம் இது தப்பிப்போகும். கட்டுத்தறிக்கு நோட்டோடு போய் உட்கார்கிறவரிடம் தப்பாது.

தொழில்நுட்பம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதல் படம், மடிப்பில் முகம் விழாமை. திரையில் பளிச்சென்ற பச்சையும் நீலமும் நாலு வண்ண அச்சில் மங்கிவிடும். முதல் புத்தகத்தில் அழுகை பெரும்பாலும் இதற்காகத்தான். எழுத்துக்கு இடம் தாராளமாக விடணும், தமிழ்ச் சொல் நீளம். சென்னையின் தூலிகா பதிப்பகம் போல ஒரே புத்தகத்தைப் பல மொழியில் போடுகிறவர்களுக்கு எழுத்து தனிக் கறுப்பில் இருந்தால் வசதி. அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு; மொழி மாறும்போது கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். எழுத்தையே படத்துக்குள் வண்ணத்தில் வரைந்துவிட்டால் அந்த வசதி போச்சு.

பிளஸ் டூவுக்கு எந்த குரூப்பும் எடுக்கலாம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, நாலு வருஷப் பட்டம். ஐஐடிகளின் டிசைன் படிப்புக்கு யுசீட் என்கிற நுழைவுத் தேர்வு, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு (NID) வேறு நுழைவுத் தேர்வு.

இனி வருமானம். ஒரு புத்தகம் நாலஞ்சு மாசத்தைத் தின்னும். தொடக்கத்தில் புத்தகத்தை மட்டும் நம்பிக் குடும்பம் ஓட்ட முடியாதுங்க. நமக்கு வாய்ப்பாகத் திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் எப்போதும் வேணும். ஆனால் ஸ்க்ரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன், நிறம் கூடினால் செலவு கூடும். நாலு நிறத்துக்குள் படத்தை முடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு. கார்ட்டூன் சேனல் பொம்மையைக் காப்பியடிக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடணும்.

புத்தகமோ பனியனோ, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பென்சிலைத் தொடக்கூடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். பணம் மூணு தவணையாக வரட்டும்: முன்பணம், பென்சில் படம் ஒப்புதலான பிறகு, கடைசிப் படம் கொடுக்கும்போது. எத்தனை முறை திருத்தம் என்பதையும் எழுதி வாங்கணும். இல்லாவிட்டால் ஏழாவது தடவையும் "சட்டை நிறத்தை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார்கள்.

ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் இலவசம். ஐம்பது பார்த்துவிட்டு எட்டுத் தாளை மடிக்கச் சொல்லுங்க.