இன்னொரு குழந்தை பிறந்துவிட்டது. முதல் குழந்தைக்குத் தரும் தொகை குறையுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். 2021-ல் விவாகரத்து ஆனது. முன்னாள் மனைவியிடம் வளரும் மகளுக்கு மாதம் 12,000 ரூபாய் தர உத்தரவு. மறுமணத்தில் ஒரு மகன் பிறந்திருக்கிறான். மனைவியின் முதல் திருமணத்து மகளும் எங்களோடுதான் இருக்கிறாள். மூன்று பிள்ளைகளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. தொகையைக் குறைக்க வழி உண்டா?

பதில்: குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ‘மூன்று பிள்ளைகள்’ என்ற உங்கள் கணக்கு கோர்ட்டில் அப்படியே எடுபடாது.

மகன் விஷயம் நிச்சயம் எடுபடும். 2017-ல் கல்யாண் தே சவுத்ரி வழக்கில், மனைவிக்கும் மகனுக்கும் உயர்நீதிமன்றம் 23,000 ரூபாய் நிர்ணயித்திருந்தது. கணவர் மறுமணம் செய்து குழந்தையும் பெற்றிருப்பதைக் கருதி உச்ச நீதிமன்றம் அதை 20,000 ஆக்கியது. குறைக்கப்பட்டது 3,000 ரூபாய்தான் என்பதையும் கவனியுங்கள். புதுக் குழந்தை வந்ததால் பழைய குழந்தையின் பங்கு பாதியாகிவிடாது. அதே தீர்ப்பில் வரும் ‘நிகர சம்பளத்தில் 25 சதவீதம்’ என்பதைப் பலரும் சட்டம் போலவே பேசுகிறார்கள். அது வழிகாட்டிதான், நம் நாட்டில் இதற்கென்று நிலையான வாய்ப்பாடு கிடையாது.

மனைவியின் மகள் கதை வேறு. நீங்கள் பாசத்தோடு வளர்க்கலாம், ஆனால் சட்டப்படி அவளைப் பராமரிக்கும் கடமை அவளைப் பெற்றவர்களுக்குத்தான். முறைப்படி தத்தெடுத்திருந்தால் உங்கள் பிள்ளையாகவே கணக்கில் வருவாள். இந்த மனுவுக்காக மட்டும் தத்தெடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்!

முதலில் உத்தரவு நகலை எடுத்து எந்தப் பிரிவில் போட்டது என்று பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 என்றால், மாற்றக் கோரும் மனு இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 146-ல் (பழைய 127). இந்து திருமணச் சட்டம் 26 என்றால் அதே பிரிவில்.

மனுவோடு சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது இது. நம்மை நம்பி இருப்பவர்களைப் பற்றிய பகுதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தமாக ‘குடும்பச் செலவு 30,000’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார். மகனின் தடுப்பூசி, பால் பவுடர், டாக்டர் பில் என்று தனித்தனியாகக் காட்டுங்கள். மனைவி வீட்டிலிருந்து தையல் வேலை செய்து சம்பாதித்தால் அதையும் மறைக்காதீர்கள்.

உத்தரவு மாறும்வரை 12,000-ஐ ஒரு ரூபாய் குறையாமல் கட்டி வாருங்கள். நீங்களாகக் குறைத்தால் மிச்சம் நிலுவையாக ஏறும். வாரன்ட் வரும், கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. அப்புறம் குறைப்பு மனுவை எந்த முகத்தோடு நடத்துவது?

முன்னாள் மனைவி இப்போது நல்ல சம்பளத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் மகளின் படிப்புச் செலவை வருமான விகிதத்தில் இருவரும் பகிர்ந்துகொள்ளவும் மனுவில் கேட்கலாம். ரஜ்னேஷ் தீர்ப்பே அதற்கு இடம் தருகிறது.