கறுப்பு அங்கியிலிருந்து ராணுவச் சீருடைக்கு

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். ராணுவ அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை. 'சட்டம் படித்தவனுக்குப் போர்க்களத்தில் என்ன வேலை? படித்த படிப்பு வீண்' என்கிறார் அப்பா. அப்படி மாறியவர்கள் உண்டா?

பதில்: உண்டு. அவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றிய ஸ்ட்ராங் வின்சென்ட். ஹார்வர்டில் 1859-ல் பட்டம் பெற்று, பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் வழக்கறிஞரானவர், 1861-ல் போர் மூண்டதும் படையில் சேர்ந்தார். 1863 வசந்தத்தில், படையின் தலைமைச் சட்ட அதிகாரி பதவி அவரைத் தேடி வந்தது. படித்த படிப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது; ஆனாலும், போரிடுவதற்காகவே வந்தேன் என்று சொல்லி அவர் அதை மறுத்துவிட்டார். மே மாதம் ஒரு பிரிகேடின், அதாவது பல ரெஜிமென்ட்கள் சேர்ந்த படையணியின், பொறுப்பு அவரிடம் வந்தபோது அவருக்கு 25 வயது.

அதே ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் லிட்டில் ரவுண்ட் டாப் என்ற குன்று காவலின்றிக் கிடந்தது. அங்கே ஒரு பிரிகேடை அனுப்பும்படி, பல பிரிகேடுகள் அடங்கிய டிவிஷனின் தளபதிக்கு உத்தரவு கொண்டுவந்த அதிகாரி, அந்தத் தளபதியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார். வழியில் அவரை நிறுத்திய வின்சென்ட், உத்தரவு என்னவென்று கேட்டறிந்து, பொறுப்பைத் தானே ஏற்பதாகச் சொல்லித் தம் பிரிகேடைக் குன்றுக்கு நடத்திச் சென்றார். தமக்கு வராத உத்தரவை நிறைவேற்றினால் ராணுவ நீதிமன்றம் என்ன கேட்கும் என்பது, சட்டம் படித்த அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதை அறிந்தே அவர் துணிந்தார் என்பதால்தான் இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எது சான்று, எது அதிகாரம், காத்திருந்தால் எது கைநழுவும் என்று நொடியில் எடைபோடும் பழக்கம் நீதிமன்றத்திலும் வளரக்கூடியதே. உங்கள் படிப்பு வீணாகாது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் மீதியையும் அவரிடம் மறைக்காதீர்கள். குன்றின் மீது தெற்குப் படை தாக்க, வின்சென்ட்டின் பிரிகேடின் வலப்புற அணி குலையத் தொடங்கியபோது, மனைவி பரிசளித்த குதிரைச் சவுக்கைக் கையில் பிடித்தபடி பாறை மேல் ஏறி நின்று வீரர்களுக்கு ஊக்கமூட்டிய வின்சென்ட் குண்டடிபட்டு வீழ்ந்தார். குன்று காக்கப்பட்டது. ஜூலை 7-ஆம் தேதி, 26 வயதில், அவர் உயிர் பிரிந்தது. பிரிகேடியர் ஜெனரல் பதவி உயர்வு ஆணையைக் கண்ணால் பார்த்தாரா என்பதே ஐயம். இரண்டு மாதங்கள் கழித்துப் பிறந்த மகளும் ஓராண்டு நிறையும் முன்பே இறந்து, அவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டாள்.

இன்னொன்று. அன்று தன்னார்வப் படைகளில் ஊரில் செல்வாக்குள்ள இளைஞர் நேரே அதிகாரியாக முடிந்தது. இன்று தேர்வும் கடுமையான பயிற்சியும் உண்டு, வயது வரம்பும் உண்டு. ஆகவே தள்ளிப்போடாமல், வின்சென்ட்டுக்கு வந்த வாய்ப்பை உங்களுக்கு வந்ததாகவே எண்ணிப் பாருங்கள். ராணுவச் சட்ட அதிகாரி பதவியைத் தந்தால் ஏற்பீர்களா, மறுப்பீர்களா? இரண்டுக்கும் வழி வேறு, விண்ணப்பம் வேறு. உங்கள் விடையை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.