எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள்? கப்பல் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எந்தக் கப்பல் பெரியது, எதில் நீச்சல்குளம் அதிகம் என்றுதான் இருந்தன. நான் முதலில் கேட்பது, எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள் என்பதைத்தான். விசா, விமான டிக்கெட், ஓட்டல், மொத்தச் செலவு எல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

ரோமிலிருந்து கிளம்பும் குரூஸ் புக் செய்திருக்கிறோம். கப்பல் மாலை 5 மணிக்கு. அன்று காலை 11 மணிக்கு ரோமில் விமானம் இறங்குகிறது. நேரம் போதும்தானே?

போதாது, தயவுசெய்து விமான டிக்கெட்டை மாற்றுங்கள். கப்பல் கிளம்புவது சிவிட்டாவெக்கியா என்ற ஊரிலிருந்து, அது ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 5 மணிக் கப்பல் என்றால் 5 மணி வரை ஏறலாம் என்று அர்த்தமில்லை, குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே, சில நிறுவனங்களில் அதற்கும் முன்பே, செக்-இன்னை மூடிவிடுவார்கள். இடையில் குடியுரிமைச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பது, சாலை நெரிசல் எல்லாம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் அனுப்பி வைத்த ஒரு குடும்பம், விமானம் மாறும் இடத்தில் ஏற்பட்ட தாமதத்தால், கப்பல் போன பிறகு வெறும் துறைமுகத்தில் பெட்டிகளோடு நின்றது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானம் ஏறிப் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள். அந்தக் குடும்பத்துப் பாட்டியம்மா போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு முந்தின நாளே ஊர் போய்ச் சேராத யாருக்கும் நான் டிக்கெட் போட்டுத் தருவதில்லை.

விளம்பரத்தில் வரும் ஊர்ப்பெயரை அப்படியே நம்பாதீர்கள். லண்டன் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன், பாரிஸ் என்றால் லு ஆவ்ர். இரண்டுமே அந்த நகரங்களிலிருந்து நல்ல தூரம். ஏதென்ஸுக்கான பிரேயஸ் மட்டும் பக்கம், மெட்ரோவிலேயே போய்விடலாம்.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலேயே இறங்குகிறோம். ஒரு சிங்கப்பூர் விசா போதுமா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அந்த விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். கப்பல் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்புவதால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். திரும்பும்போது வருகை அட்டையையும் ஆன்லைனில் மறுபடி நிரப்ப வேண்டும், இதைப் பலர் மறந்துவிட்டு வரிசையில் நின்று தடுமாறுகிறார்கள். பார்சிலோனாவில் ஏறி நடுவில் துருக்கி போய்த் திரும்பும் பயணத்துக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கும் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, துருக்கி அதில் சேராது) இதே கணக்குதான்.

அப்புறம், சிங்கப்பூரில் குரூஸ் டெர்மினல் இரண்டு. ஹார்பர்ஃபிரண்டில் ஒன்று, மரினா சவுத் பக்கம் ஒன்று. எது என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள்.

விளம்பர விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

அந்த விலை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு கேட்பார்கள். துறைமுகக் கட்டணம், ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு டிப்ஸ், வைஃபை, மது, கரையில் சுற்றிப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் தனி. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் போய் ஒட்டிக்கொண்டால் பில் பயங்கரமாக வரும்.

க்ரூஸ் ஷிப், ஓஷன் லைனர், இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. லைனர் என்பது ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு, அலை எப்படி இருந்தாலும், குறித்த நாளில் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கட்டியது. அதனால் உடல் உறுதியாகவும் முன்பக்கம் நீண்டு கூராகவும் இருக்கும், வேகமும் அதிகம். இன்று அப்படி ஓடிக்கொண்டிருப்பது 2004-ல் வந்த குவீன் மேரி 2 ஒன்றுதான். 345 மீட்டர் நீளம், சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு வழக்கமாக 7 இரவுகள். மேற்கே போகப் போக ஐந்து நாள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். விமானக் களைப்பே இல்லாமல் அமெரிக்காவில் இறங்குவது தனிச் சுகம். ஆனால் பிரிட்டன், அமெரிக்கா இரண்டு விசாவும் கையில் இருக்க வேண்டும். 2024-ல் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் இதைவிட நீளம், 365 மீட்டர். அது வெயிலும் தீவுகளுமாகச் சுற்றக் கட்டியது, வேலையே வேறு.

அம்மாவுக்குப் பஸ்ஸிலேயே தலைசுற்றும். கப்பல் சரிப்படுமா?

சரிப்படும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. உச்சித்தளத்தில் முன்பக்கம் இருக்கும் விலை உயர்ந்த பால்கனி அறை அவருக்கு வேண்டாம். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி என்கிறார்கள். போகாவிட்டால்?

போயே ஆக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள்.

என் தாத்தா ரஜூலா கப்பலில் மலேயா போனவர். சென்னையிலிருந்து இப்போதும் பினாங்குக்குக் கப்பல் உண்டா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1926-ல் கட்டிய ரஜூலா 1970-களின் தொடக்கம் வரை ஓடியது, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன நம்மவர்களுக்குக் கணக்கில்லை. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் சேவை முடிந்துபோனது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குக் குரூஸ் தொடங்கினார்கள், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று. பினாங்குக்கு அப்படி வழக்கமான சேவை எதுவும் இல்லை.

தாத்தா இறங்கிய ஊரைக் கடல் வழியாகவே பார்க்க வேண்டுமென்றால், சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்கில் நிற்கும் குரூஸில் ஏறுங்கள். கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். வெளியே வந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்.