உலகம் முழுக்க சிதறிப்போன பழைய மாணவர்களை ஒரே நெட்வொர்க்கா சேர்த்து, பல வருஷம் உயிரோட வெச்சிருக்கறது எப்படி?

நான் ஒரு இன்டர்நேஷனல் மாஸ்டர்ஸ் கோர்ஸ் படிச்சேன், முடிச்சதுக்கு அப்புறம் ஆறு வருஷம் எங்க அலும்னி நெட்வொர்க்கை பார்த்துக்கிட்டேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஆள் சேர்க்கறது கஷ்டமே இல்லங்க. பட்டம் வாங்கின வாரத்துல எல்லாரும் குரூப்ல சேர்ந்துடுவாங்க, போட்டோவா கொட்டும். மூணாவது வருஷம்தான் தெரியும். நிறைய யுனிவர்சிட்டில படிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்லயே ஸ்டூடன்ட் மெயில் ஐடியை மூடிடுவாங்க, எங்க லிஸ்ட்ல இருந்ததெல்லாம் அந்த ஐடிதான், ஒரு நாள் எல்லாருக்கும் மெயில் போட்டா வரிசையா பவுன்ஸ் ஆகி வருது. கிட்டத்தட்ட பாதி பேர் கைவிட்டுப் போயிட்டாங்க. லிங்க்டின்ல ஒவ்வொருத்தரா தேடிப் பிடிக்க நாலு மாசம் ஆச்சு. அதனால கடைசி செமஸ்டர்லயே பர்சனல் மெயில் வாங்கிடுங்க, அதுக்கு அவங்க சம்மதத்தையும் எழுத்துல வாங்கிடுங்க. யூரோப்ல இருக்கிற ஆளுங்க விஷயத்துல 2018ல இருந்து ஜிடிபிஆர்னு தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் நடைமுறைல இருக்கு, எதுக்காக விவரம் வாங்கறோம்னு சொல்லணும், எடுக்கச் சொன்னா எடுக்கணும். எல்லாரோட போன் நம்பரும் இருக்கிற ஷீட்டை குரூப்ல தூக்கிப் போடறதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

எங்க நெட்வொர்க் பிழைச்சதுக்கு காரணம்னு நான் மனசார நம்பறது எங்க மெம்பர் ஷீட்ல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல நாங்க சேர்த்த ஒரே ஒரு கட்டம்தான்: "என்கிட்ட எதைப் பத்தி கேட்கலாம்?" பதவி, கம்பெனி பேரெல்லாம் லிங்க்டின்லயே இருக்கு. இதுல ஒரு சீனியர் "நான் இருக்கிற ஊர்ல வீட்டு அக்ரிமென்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, படிச்சுட்டு சொல்றேன்"னு எழுதியிருந்தாங்க. அந்த ஊருக்கு வேலைக்குப் போற ஒரு ஜூனியர் பொண்ணு, வீட்டையே பார்க்காம டெபாசிட் கட்டப் போற நேரத்துல அனுப்பினா, அவங்க நிதானமா படிச்சுட்டு "இந்த அட்ரஸ்ல வீடே கிடையாதும்மா, அது ஒரு குடோன், பணம் போட்டுடாத"ன்னு பதில் போட்டாங்க. இப்போ குரூப்ல யார் என்ன கேட்டாலும் முதல் ஆளா பதில் சொல்றது அந்தப் பொண்ணுதான். பெரிய மீட் வெச்சு, ஸ்பீச் வெச்சு இப்படி ஒரு பந்தத்தை உண்டாக்க முடியாது. கேட்ட கேள்விக்கு ரெண்டு நாளுக்குள்ள யாராவது பதில் சொல்லணும், யாரும் சொல்லலன்னா அட்மின் தெரிஞ்ச ஆளை டேக் பண்ணி கேட்கணும், இதை மட்டும் நாங்க விடாம பண்ணோம்.

மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1973லயே எழுதினாரு, புது வேலை பத்தின தகவல் நெருங்கின நண்பர்களை விட லேசான பழக்கம் உள்ளவங்க மூலமாத்தான் அதிகம் வருதுன்னு. நமக்குத் தெரிஞ்சதுதானே நம்ம நெருங்கின நண்பனுக்கும் தெரியும். வேற பேட்ச், வேற நாட்டுல இருக்கிற முகம் தெரியாத சீனியர் உதவறது இதனாலதான்.

ஆன்லைன் மீட்டிங் நேரம் இன்னொரு தலைவலி. குளிர்காலத்துல லண்டன்ல மதியம் 3 மணின்னா சான் பிரான்சிஸ்கோல காலை 7, சிங்கப்பூர்ல ராத்திரி 11, சிட்னில மறுநாள் அதிகாலை 2. எல்லாருக்கும் ஒத்துவர நேரம்னு ஒண்ணு கிடையாது, அதனால ஒரு தடவை லண்டன் 3 மணி, அடுத்த தடவை லண்டன் காலை 8 மணின்னு மாத்தி மாத்தி வெச்சோம். எப்பவும் ஒரே ஆளுங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டா அவங்க சத்தமில்லாம விலகிடுவாங்க. மார்ச்ல அமெரிக்காவும் யூரோப்பும் கடிகாரத்தை வேற வேற ஞாயித்துக்கிழமைல மாத்தும், அந்த ரெண்டு மூணு வாரம் வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பும், அதையும் கவனிங்க.

அப்புறம் பொறுப்பு. எங்க மெயிலிங் அக்கவுன்ட் பாஸ்வேர்டு ஒரே அட்மின்கிட்ட இருந்துச்சு, அவருக்கு குழந்தை பிறந்து பிஸியாயிட்டாரு, அவர் மேல தப்பே இல்ல, ஆனா எட்டு மாசம் ஒரு மெயில் கூட போகல. அதுக்கப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் ரெண்டு பேர், ரெண்டு வருஷம்தான் பதவி, போறவங்க கடைசி மூணு மாசம் புதுசா வர்றவங்களோட சேர்ந்து வேலை பார்க்கணும்னு வெச்சோம். டொனேஷன் கேட்கறதா இருந்தா இதெல்லாம் ஓடி ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு கேளுங்க, முதல் மெயில்லயே கேட்டீங்கன்னா ரெண்டாவது மெயிலைத் திறக்க மாட்டாங்க.