மூன்றடுக்குப் பன்றி இறைச்சியும் ரம்புத்தான் கட்டைப் புகையும்: கேள்வி பதில்

பன்றி வறட்டல் என்றால் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது பிள்ளைகள் 'பர்ன்ட் எண்ட்ஸ்' கேட்கிறார்கள். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் மாட்டு நெஞ்சுக்கறியின் கொழுப்பு முனையை நறுக்கி மறுபடி புகையில் வைத்து எடுத்ததுதான் இதன் தொடக்கம். பன்றியின் வயிற்றுப் பகுதியில் செய்வது பின்னால் வந்தது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நெருப்பைப் பற்றியவைதான். அது நல்லது, ஏனென்றால் இந்தச் சமையலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பசாரில் எந்தத் துண்டு வாங்குவது? தோல் வேண்டுமா?

பன்றி வயிற்றுக்கறிக்குச் சீனர் கடையில் மூன்றடுக்கு என்று கேளுங்கள். கொழுப்பும் சதையும் ஏறக்குறைய சரிபாதியாக, அடுக்கு அடுக்காகத் தெரிய வேண்டும். தோலைக் கடையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த மெதுவான சூட்டில் தோல் மொறுமொறுக்காது, பல்லில் இழுக்கும். நாலு சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டுங்கள். வெந்து சுருங்கும்போது பாதி வாய்க்கு வந்துவிடும், அதனால் அதைவிடச் சின்னதாக வேண்டாம்.

அண்ணே, ரப்பர் கட்டை சும்மா கிடைக்கிறது. அதில் புகை போடலாமா?

ரப்பர் சீட்டைப் புகைபோட்டுக் காயவைக்க அந்தக் கட்டையைத்தான் எரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் சீட்டை யாரும் சாப்பிடுவதில்லையே. இறைச்சிக்கு நான் அதை வைக்கமாட்டேன். அதிலும் நாற்காலி, மேசை செய்யும் பட்டறையின் துண்டுக் கட்டைகளைத் தொடவே வேண்டாம். ரப்பர் பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊறவைத்திருப்பார்கள்.

ரம்புத்தான், மா, பலா எது கழித்தாலும் கிளையை எடுத்து வையுங்கள். ஈரம் போகச் சில மாதம் நிழலில் காயட்டும். சூட்டுக்குக் கரி, வாசனைக்கு மட்டும் கட்டை. கரிக்குத் தைப்பிங் தாண்டி கோலா செப்பெத்தாங் சூளைகளில் சுடும் பாக்காவ் (அலையாத்தி மர) கரியை எதுவும் மிஞ்சாது. நின்று எரியும், சூடு ஏறி இறங்காது.

கைப்பிடி அளவுக் கட்டை இரண்டு போதும். மூடிய அடுப்பின் மேல் துவாரத்தில் வரும் புகையைப் பாருங்கள். குபுகுபுவென்று வெள்ளையாக வந்தால் கட்டை சரியாக எரியவில்லை, கறி கசக்கும். காற்று வழியைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய நீலப் புகை வந்த பிறகுதான் கறியை உள்ளே வைக்க வேண்டும். கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதலில் வருவது புகையல்ல, ஆவிதான்.

மூன்று மணி நேரம் வைத்தும் கடினமாகவே இருக்கிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் அவசரம்தான் தப்பு. அடுப்பின் உள்சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கறியின் உள்சூடு 65, 70 வரை மளமளவென்று ஏறும், அப்புறம் அசையாமல் நிற்கும். கறியிலிருந்து கசியும் ஈரம் ஆவியாகும்போது கறியைக் குளிரவைக்கிறது, நமக்கு வியர்வை செய்கிற அதே வேலை. இந்த இடத்தில் பயந்துபோய்க் கரியை அள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். வெளிப்புறம் கருகும், உள்ளே அப்படியே இருக்கும்.

சதையைக் கட்டிப்பிடித்திருக்கும் சவ்வு கரைந்து பசையானால்தான் கறி மிருதுவாகும். அதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். மேல்புறம் கருஞ்சிவப்பாகி, விரலால் தடவினால் மசாலா ஒட்டாத நிலைக்கு வந்ததும் (சுமார் மூன்று மணி நேரம்) ஒரு தட்டில் அள்ளி, வெண்ணெய், கொஞ்சம் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) சேர்த்து, அலுமினியத் தாளால் இறுக மூடி மறுபடி அடுப்பில் வையுங்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். உள்சூடு 95 பக்கம் வந்ததும் சாத்தே குச்சியால் குத்திப் பாருங்கள். கொழுப்பில் மட்டுமல்ல, சதை அடுக்கிலும் குச்சி தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மூடி வையுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், குச்சியை நம்புங்கள்.

நம்ம ஊர் ருசிக்கு என்ன மசாலா, என்ன சாஸ்?

மேலே தூவ உப்பு, கருமிளகு, மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருஞ்சீரகத்தூள். மஞ்சள்தூளும் கறித்தூளும் வேண்டாம், புகை வாசனையை அமுக்கிவிடும். சாஸுக்கு இனிப்புக் கிச்சாப் (சோயா சாஸ்), அரைத்த மிளகாய், வினிகர், தட்டில் ஊறிய சாறு கொஞ்சம். மேலே மிதக்கும் நெய்யை முதலில் வடித்துவிடுங்கள். சர்க்கரை சீக்கிரம் கருகும், அதனால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் சாஸ், மூடாமல். கட்டிகள் பளபளவென்று ஆனதும் எடுத்துவிடலாம்.

தோட்டத்தில் பழைய டிரம் கிடக்கிறது. வெட்டி அடுப்பாக்கலாமா?

உள்ளே என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டவே வேண்டாம் தம்பி. மருந்து வைத்த டிரம்மை எத்தனை முறை கழுவி எரித்தாலும் சாப்பாட்டுக்கு ஆகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-இல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் அது வந்த பழைய டிரம் இன்னும் எங்காவது கிடக்கலாம். துத்தநாகம் பூசிய தகரமும் நெருப்புக்கு ஆகாது. சமையல் எண்ணெய் வந்த இரும்பு டிரம் என்றால் சரி, பெயிண்ட் போக ஒருமுறை நன்றாக எரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தாமானில் (குடியிருப்பில்) வரிசை வீடு. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். செய்யலாமா?

முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள். காற்று அவர்கள் பக்கம் வீசும் நாளிலும், நோன்பு மாத மாலைகளிலும் அடுப்பு மூட்டாதீர்கள். புகை வாசனை துணியில் ஏறும், கொடியில் துணி காயும் நேரமும் வேண்டாம். வீட்டுக்கு வரும் முஸ்லிம் நண்பர்களுக்காகத் தட்டு, கத்தி, பலகை எல்லாம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஊருக்கு வெளியே பழத்தோட்டம் உள்ள உறவுக்காரர் வீடுதான் இதற்கு நல்ல இடம்.

காட்டுப்பன்றியில் வருமா?

வராது. அதன் வயிற்றில் இதற்குப் போதுமான கொழுப்பு இருக்காது, நார் நாராகக் காய்ந்துவிடும். வேட்டைக்கும் உரிமம் வேண்டும். முறைப்படி கிடைத்த கறி என்றால், புழு பயம் போக உள்ளே முழுக்க வேகவைத்து, மிளகு தூக்கலாக வறட்டல் போடுங்கள்.