பூக்காத ஐரிஸ் செடியை இலையையும் தண்டையும் வைத்து எந்த ரகம் என்று சொல்ல முடியுமா?

எந்த இனம் என்பது வரைக்கும் பெரும்பாலும் சொல்லலாம். ரகத்தின் பெயர் வேண்டும் என்றால் பூக்கும் வரை பொறுங்கள். லேபிளைத் தொலைத்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கீழ் இதழில் தாடி போல மயிர் இருக்கும் தாடி ஐரிஸில் மட்டுமே பதிவான ரகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இலையைப் பார்த்துப் பெயர் சொல்பவர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

ஆனால் "இது அது இல்லை" என்று அடித்துச் சொல்ல இலையே போதும். ஒரு ஆன்லைன் நர்சரியில் 'ஜெரால்ட் டார்பி' என்ற ஐரிஸ் வாங்கினேன். வெர்சிகலர், வர்ஜினிகா என்ற இரண்டு ஐரிஸ் இனங்கள் கலந்து வந்த ரகம் அது. வசந்தத்தில் துளிர்க்கும்போதே இலையின் அடி கருஊதாவாக இருக்கும், பூந்தண்டும் அதே நிறம். அதற்காகவே வாங்குவார்கள். எனக்கு வந்ததோ அடி முதல் நுனி வரை பச்சை. வெளி இலையை உரித்து உள்ளே பார்த்தேன், அங்கேயும் துளி ஊதா இல்லை. இலையை விரலால் தடவினால் நடுநரம்பு கம்பி மாதிரி புடைத்து நின்றது. இது மஞ்சள் பூ பூக்கும் சூடாகோரஸ் என்ற வேறு ஐரிஸ் இனம் என்று அப்போதே நர்சரிக்கு எழுதிப் போட்டேன். "செடி வளர வளர நிறம் வரும்" என்று பதில் வந்தது. தண்டும் பச்சையாகவே வந்தது, பூ மஞ்சள். சும்மா மஞ்சள் பூ என்று விட்டுவிடவும் முடியாது, பல நாடுகளில் நீர்நிலைகளை அடைத்துக்கொண்டு பரவும் செடி அது. பணம் திரும்பி வரவில்லை, அது வேறு கதை.

உடனே ஒருவர் வந்து "வெயிலில் ஊதா மங்கிவிடுமே" என்பார். மங்கும்தான். அதனால்தான் வசந்தத்தில், இளந்துளிராக இருக்கும்போதே பார்க்கச் சொல்கிறேன். கோடையில் பச்சையாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தாடி ஐரிஸிலும் சில ரகங்களுக்கு அடியில் ஊதா உண்டு, பதிவுக் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் சந்தேகப் பட்டியலைக் குறைக்க அது உதவும், அவ்வளவுதான். நான் தாவரவியல் படித்தவன் இல்லை, கையால் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

நிறத்தைவிட நான் நம்புவது நரம்பையும் தண்டையும்தான். ஐரிஸ் இனங்களில் என்சாடாவுக்கு நடுநரம்பு தெளிவாகத் தெரியும், லேவிகேட்டா இலை வழவழவென்று இருக்கும். புல் போல ஒல்லியான இலை, வெட்டினால் குழாயாக இருக்கும் பூந்தண்டு என்றால் சைபீரிகாவாக இருக்கலாம். கசக்கினால் மாட்டிறைச்சி வாடை வருவது ஃபீட்டிடிசிமா. பேலிடாவில் மொட்டை மூடியிருக்கும் உறை வெள்ளிக் காகிதம் போல உலர்ந்திருக்கும்.

அப்புறம் ஒன்று, 'அழியாத மை' என்று பேனா விற்கிறார்களே, அதை நம்பி லேபிள் எழுதாதீர்கள். வெயிலில் எழுத்து காணாமல் போய்விடும். சாதாரண பென்சிலால் எழுதியது இன்னும் படிக்க முடிகிறது.