காலநிலை மாடலிங் துறைக்குப் போக விரும்பும் மகள்: ஒரு பெற்றோருக்குப் பதில்

வணக்கம். பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் வட்டாரக் காலநிலை மாடலிங் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் நான்கு வருடத்தில் வேலைக்குப் போய்விடலாமே, இதில் என்ன எதிர்காலம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதை நீளமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரந்தர விஞ்ஞானி வேலை கிடைக்கும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கலாம். அதே நேரம், முனைவர் பட்ட ஆண்டுகள் முழுவதும் உங்கள் கைக்காசில் ஓடுபவை அல்ல. அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இந்த வேலை என்ன என்பதை நீங்களும் மகளும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளை மழை வருமா என்று சொல்வது வேறு வேலை. அடுத்த 30, 50 ஆண்டுகளில் ஒரு பகுதியின் மழையும் வெப்பமும் எப்படி மாறக்கூடும் என்று கணக்கிடுவது இந்த வேலை. மாடல் என்பது வளிமண்டலத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணினி நிரல். பெரும்பாலான உலக மாடல்கள் பூமியைச் சுமார் 100 கி.மீ. அல்லது அதைவிடப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. அந்த அளவில் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்த மேடாகிவிடும். 2,695 மீட்டர் ஆனைமுடியும் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் கட்டத்தின் சராசரிக்குள் மறைந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் இருந்த இடமே தெரியாது. மலை சரியாக இல்லாத மாடலில், தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டிவிட்டுக் கோவைப் பக்கம் குறைவது எப்படிச் சரியாக வரும்? அதனால் உலக மாடல் தரும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைப் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை தேர்ந்தெடுத்த பகுதியின் எல்லையில் கொடுத்து, உள்ளே 25 அல்லது 12 கி.மீ. கட்டத்தில் சமன்பாடுகளை மறுபடி தீர்க்கிறார்கள். இதற்குப் பயன்படுபவை இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள ஐ.சி.டி.பி. என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் ரெக்-சி.எம்., அமெரிக்காவில் உருவான டபிள்யூ.ஆர்.எஃப்., பிரிட்டன் வானிலைத் துறையைச் சேர்ந்த ஹாட்லி மையத்தின் பிரெசிஸ் போன்ற மாடல்கள். இத்தகைய ஆய்வுகளை உலக அளவில் ஒருங்கிணைக்கும் கோர்டெக்ஸ் திட்டத்தின் தெற்காசியப் பணியைப் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் கவனிக்கிறது.

சமன்பாடும் சூப்பர் கம்ப்யூட்டரும் கவர்ச்சியான பகுதி. நாள்தோறும் நடப்பது, விடை ஏன் தவறாக வருகிறது என்ற தேடல். டபிள்யூ.ஆர்.எஃப்.பில் கட்டத்தின் அளவு எத்தனை கி.மீ.யோ, அதைப்போல் 6 மடங்கு விநாடிகளை ஒரு கணக்கீட்டுப் படியாக (மாடல் ஒரு முறை முன்னே நகரும் நேரமாக) வைப்பது வழக்கம்: 12 கி.மீ. கட்டத்துக்கு 72 விநாடி. இமயமலைச் சரிவில் காற்று வேகமாக மேலெழும்பினால் அந்த 72 விநாடிகூட அதிகமாகிவிடும். எண்கள் கட்டுமீறிப் பெருகி மாடல் நின்றுபோகும். படியைக் குறைத்து மறுபடி ஓட்ட வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் இரு திசையிலும் புள்ளிகள் இரட்டிப்பாகும், நேரப்படியும் பாதியாகும். எனவே கணக்கு ஏறக்குறைய 8 மடங்காகும். '5 கி.மீ.யில் ஓட்டிவிடலாமே' என்று யாராலும் சட்டென்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். கணிக்கும் பகுதியின் எல்லைக்கோட்டை உயரமான மலைமேல் போட்டால் ஓரத்தில் பொய்யான மழை உருவாகும். மண்ணின் ஈரம் நிலைப்பட மாதக்கணக்கில், ஆழமான மண்ணுக்கு ஆண்டுக்கணக்கில்கூட ஆகும் என்பதால் ஓட்டத்தின் தொடக்கப் பகுதியைக் கழித்துவிட வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆய்வு மாணவர்களை அதிகம் சறுக்கவைக்கின்றன. ஹாட்லி மையத்தின் சில மாடல்களில் ஆண்டுக்கு 360 நாள், எல்லா மாதத்துக்கும் 30 நாள். அதில் அக்டோபர் 31 கிடையாது, பிப்ரவரி 30 உண்டு. வேறு சில மாடல்களில் லீப் ஆண்டே இல்லை. டபிள்யூ.ஆர்.எஃப். மழையைத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும். முந்தைய நாளின் அளவைக் கழிக்காமல் படம் வரைந்தால் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட அதிக மழை பெய்ததாகத் தெரியும். இவற்றைப் பொறுமையாகப் பிடிக்கிற குணம்தான் இந்தத் துறையில் ஒருவரை நிலைக்கவைக்கிறது. கணக்கில் 100 வாங்குவதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள்.

அந்தக் குணம் உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம், செலவே இல்லை. 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண லேப்டாப், பைத்தான், இணையம் போதும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத் தளத்தில் 1901 முதல் நாடு முழுவதுக்குமான தினசரி மழைத் தரவு 0.25 பாகை (சுமார் 27 கி.மீ.) கட்டங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. 2023ஆம் ஆண்டுக் கோப்பை இறக்கி, டிசம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டக் கட்டங்களை எடுக்கச் சொல்லுங்கள். அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அந்த 95 செ.மீ. கட்டத் தரவில் அப்படியே இருக்காது. ஏன் என்று அவரே யோசிக்கட்டும். பிறகு ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈரா-5 தரவில் (பதிவுகளையும் மாடலையும் சேர்த்துப் பழைய வானிலையை மறுபடி கணக்கிட்ட தரவு) அதே நாளை எடுக்கட்டும். அதில் மழை மீட்டரில் இருக்கும். 1,000ஆல் பெருக்கினால்தான் மி.மீ. வரும். நேரம் உலகப் பொது நேரம். நம் காலை 8.30 மணி அங்கே அதிகாலை 3 மணி. நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை கூட்டினால் இரண்டு தரவும் வேறு வேறு நாளைப் பேசும். இந்தப் பொருத்தமின்மையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்போது மகளின் முகம் மலர்ந்தால், தைரியமாக அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் அலுத்துப்போனால் அதுவும் நல்ல விடைதான். ஐந்து வருடம் போனபிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

இனி படிப்பு. இளநிலையில் இயற்பியல் அல்லது கணிதம் எடுப்பது நல்ல அடித்தளம், பி.இ. படித்துவிட்டும் வரலாம். 'காலநிலை மாற்றம்', 'சுற்றுச்சூழல்' என்று பெயரில் இருக்கும் படிப்புகளில் சேர்க்குமுன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வகைக்கெழுச் சமன்பாடுகள், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், எண்முறைக் கணிதம், நிரலாக்கம் இந்த ஐந்தும் இல்லையென்றால் அந்தப் படிப்பு கொள்கை, நிர்வாகம் சார்ந்த வேலைகளுக்கு உதவலாம், மாடலிங்குக்கு உதவாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வமுள்ள பிள்ளைகள் பெயரைப் பார்த்துச் சேர்ந்து, முதுநிலையில் கணிதம் எட்டாமல் தவிக்கிறார்கள்.

முதுநிலைக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் வானிலையியல் எம்.எஸ்சி. உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் டெல்லி ஐ.ஐ.டி.யிலும் வளிமண்டல அறிவியலுக்குத் தனி மையங்கள் இருக்கின்றன. இயற்பியலிலேயே எம்.எஸ்சி. முடித்துவிட்டு முனைவர் பட்டத்தில் துறை மாறலாம். அது தாழ்ந்த வழி இல்லை. முதுநிலை, ஆய்வுச் சேர்க்கைக்கான கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் வளிமண்டல, பெருங்கடல் அறிவியல் பகுதி உண்டு, சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் புவி, வளிமண்டல அறிவியல் தாள் உண்டு. நெட் வழியாக இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. எம்.எஸ்சி. முடித்ததும், இடங்கள் கொஞ்சம்தான் என்றாலும், ஐ.சி.டி.பி.யின் ஓராண்டு டிப்ளமா படிப்புக்கும் விண்ணப்பியுங்கள். வளரும் நாட்டு மாணவர்களுக்கானது, கட்டணம் இல்லை, புவி அமைப்பு இயற்பியல் பிரிவு அதில் இருக்கிறது.

ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளை மகள் நேரடியாகக் கேட்கட்டும். மாணவருக்கு எந்தக் கணினியில், மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? பல டெராபைட் தரவை வைக்க இடம் உண்டா? முந்தைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் ஒரு வருடம் வரிசையில் காத்திருப்பதிலேயே போய்விடும்.

வேலை என்று பார்த்தால் புவி அறிவியல் அமைச்சகத்தின் நிறுவனங்கள், இந்திய வானிலை ஆய்வுத் துறை, நொய்டாவின் தேசிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம், திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம், ஐ.ஐ.டி. ஆசிரியர் பணி ஆகியவை முக்கியம். விஞ்ஞானி-சி பதவிக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 67,700 ரூபாய். ஆனால் அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை; இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில், பெரும்பாலும் வெளிநாட்டில், இருக்க வேண்டிவரும். கல்யாணப் பேச்சு வரும் வயதும் அதுதான் என்பதால் இதை இப்போதே வீட்டில் பேசிவைப்பது நல்லது. ஆராய்ச்சி வேண்டாம் என்று பாதியில் தோன்றினாலும் கற்றது வீணாகாது. லினக்ஸ், பைத்தான், ஃபோர்ட்ரான், பல பிராசஸர்களில் ஒரே கணக்கை ஓட்டும் திறமை கைவசம் இருப்பவரைக் காற்றாலை மின் முன்கணிப்பு, பயிர்க் காப்பீடு, காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள், தரவுத் துறை என்று பல இடங்களில் எடுக்கிறார்கள். நீங்கள் விரும்பும் கம்ப்யூட்டர் வேலையின் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பும்போது பி.எஸ்சி. இயற்பியலோடு கணிதம் துணைப்பாடமாக எந்தக் கல்லூரியில் நான்கு பருவமும் இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது இரண்டு பருவத்தோடு முடிந்துவிடுகிறது.